பதினேழாவது வரியில் சைபர்

மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் நடுங்கி நடுங்கி நகர்ந்து பேப்பர் வெயிட்டில் முட்டி நின்றுவிட்டது. தெரியாத நம்பர். முதல் தடவை இரண்டு நாற்பதுக்கு அடித்தபோது, கிரெடிட் கார்டு வேண்டுமா மேடம் என்று கேட்கிற பெண்ணாகத்தான் இருக்கும் என்று நானே கட் பண்ணினேன். அதில் தப்பில்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டாவது தடவை இரண்டு ஐம்பத்தெட்டு. அதற்குள் வாட்சப் குரூப்பில் செய்தி வந்திருந்தது. "ஹார்பர் ரோடு ஐஸ் ஆலையில் அமோனியா கசிவு. ஒருவர் பலி. இருவர் கவலைக்கிடம். பெயர் விவரம் பின்னர்." போலீஸ்காரர்கள், தீயணைப்புக்காரர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், நாங்கள் எல்லாம் இருக்கிற குரூப் அது. எங்கள் வேலைக்காகவே ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒருதரம் யாராவது அதில் செத்துப்போவார்கள். நான் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டு, பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அந்தக் கட்டைவிரல் பொம்மையைப் போடுவேன். இன்றைக்கும் போட்டுவிட்டேன். கை தன்பாட்டில் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஹார்பர் ரோடு என்பதைப் படித்தேன். என் தம்பி பேச்சிமுத்து ஹார்பர் ரோட்டில் ஒரு ஐஸ் ஆலையில்தான் வேலை பார்க்கிறான். இப்போது அந்தச் செய்திக்குக் கீழே என் கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கிறது. அழிக்கலாம். அழித்தால் ஏன் அழித்தாய் என்று யாராவது கேட்பார்களோ என்னவோ. கேட்கமாட்டார்கள். சண்முகவடிவு கட்டைவிரலை எடுத்துவிட்டாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள். ஆனாலும் போனைத் தொடப் பயமாக இருக்கிறது.

நிதானமாக யோசிக்க வேண்டும். நிதானமாக யோசிப்பதற்குத்தானே பதினான்கு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஹார்பர் ரோட்டில் மூன்று ஐஸ் ஆலைகள். ஒரு ஷிப்டுக்கு இருபது பேர் வைத்துக்கொண்டால் அறுபது பேர். அறுபதில் ஒருவர். ஐம்பத்தொன்பது வீட்டில் சாயங்காலம் வழக்கம்போல ஆள் திரும்பி வருவான், சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவான், என்ன குழம்பு என்று கேட்பான். நம்முடையது ஐம்பத்தொன்பதில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முத்துவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை, ஆனால் அது எப்போதும் அப்படித்தான். உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், ஐந்து மணிக்குத்தான் எடுக்கலாம். எட்டுத் தடவை அடித்துப் பார்த்தாயிற்று, எட்டுத் தடவையும் முழுசாக அடித்து நின்றது, அதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்தத் தெரியாத நம்பர்தான் உறுத்துகிறது. வேலை செய்கிற இடத்தில் சாகிறவர்களை எண்ணுகிற எங்கள் ஆபீசில் ஒரு முறை உண்டு. ஒரு சாவைக் கணக்கில் ஏற்ற இரண்டு ஆதாரம் வேண்டும். பேப்பரில் வந்தால் மட்டும் போதாது, போலீசும் சொல்ல வேண்டும். போலீஸ் மட்டும் சொன்னால் போதாது, ஆலையிலிருந்து படிவமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ வர வேண்டும். ஒரே ஆதாரம் இருக்கிற ஆளைப் பென்சிலால் எழுதி வைப்போம். இரண்டாவது வந்த பிறகு பேனாவால். வராவிட்டால் ரப்பரால் அழித்துவிடுவோம். அழித்துவிட்டால் அந்த ஆள் எங்கள் மட்டில் சாகவில்லை. குரூப்பில் வந்தது ஒரு ஆதாரம். அந்த நம்பர் இரண்டாவது. எடுக்காதவரைக்கும் எதுவும் பென்சில்தான். பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தும் கை நீளமாட்டேன் என்கிறது.

ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். எழுந்து செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். வாசல்வரைக்கும் போய், தண்ணீர்க் கேனைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். சூப்பிரண்டு தேவசகாயம் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, மேலுக்குச் சொகமில்லியா?" "ஒண்ணுமில்ல சார்." "அரையாண்டு ரிப்போர்ட் அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும். சென்னையில இருந்து ரெண்டு தடவ போன் வந்துட்டு. கடைசி நாளு பாத்துக்கோ." "ஏத்திருதேன் சார்." நல்ல மனுஷர்தான். என் தம்பி அங்கே இருக்கிறான் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவரே கூட்டிப்போவார். வழியிலேயே நாலு பேருக்கு போன் போட்டுக் கேட்டும் விடுவார். அதுதான் வேண்டாம். அவர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், அவர் என் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்ப்பார். அப்படி முகத்தைப் பார்க்காதவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். விசாரணைக்குப் போகிற இடத்தில், வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள், நாங்கள் ஃபைலும் கையுமாய் முன்னால் போய் நிற்போம். ஒருதடவை ஒரு பொம்பளை எங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். உப்பளத்துக்காரி. கையில் அரிசி புடைக்கிற சொளகு வைத்திருந்தாள். கீழே போடவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். வயது என்ன, என்ன வேலை பார்த்தார், எத்தனை வருஷமாக என்று நான் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டேன். அவளும் சொன்னாள். அவள் பெயர் எனக்கு ஞாபகமில்லை. அவள் புருஷன் ரிப்போர்ட்டில் மூன்றாவது வரி, உப்பளம், மார்ச் மாதம்.

முத்துவுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எனக்குப் பதினேழு வயசு, அவனுக்கு ஐந்து. அம்மா விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய்விடுவாள், அவனை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலேட்டு உடைந்துபோனது, விரலை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, கையை மூடினால் சைபர். "சைபர்னா எத்தன எக்கா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லல." "ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கையக் காட்டணும்?" என்றான். மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். அப்பவே வாய் ஜாஸ்தி. வளர்ந்து சாரம் கட்டுகிற வேலைக்குப் போனான். ஆறு மாடி, எட்டு மாடி, மூங்கிலில் நின்றுகொண்டு எனக்கு போட்டோ அனுப்புவான். கடல் தெரிகிறது பார் எக்கா என்பான். எனக்குக் கடலா தெரியும்? எனக்கு இரண்டாவது வரி தெரியும், கட்டடம், சாரத்திலிருந்து விழுதல், பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதினாறு. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நான் அதைச் சொல்லாத நாளில்லை. "எக்கா, சோத்துல பொணத்தப் போட்டுப் பெசையாத" என்பான். நான் விடவில்லை. பட்டாசு வேண்டாம், அது முதல் வரி. கல்குவாரி வேண்டாம். துறைமுகத்தில் சுமை தூக்குவது வேண்டாம். மீன்பிடிப் படகா, வேண்டவே வேண்டாம். "உன் லிஸ்டப் பாத்தா மனுசன் கக்கூசுக்குக்கூட போவ முடியாது" என்று சிரித்தான். நான் ஐந்து வருஷ ரிப்போர்ட்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து, பதினேழாவது வரியில் விரல் வைத்துக் காட்டினேன். ஐஸ் ஆலை. சைபர், சைபர், சைபர், சைபர், சைபர். "அஞ்சு வருசத்துல ஒருத்தன்கூட சாவலல." அவன் என் முகத்தைப் பார்த்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சரி எக்கா, உனக்கு ஒறக்கம் வரட்டும்" என்றான். இந்த வருஷம் வைகாசியில் சேர்ந்தான். அன்றைக்கிலிருந்து எனக்கு நல்ல தூக்கம். வெட்கக்கேடு, அப்படித் தூங்கினேன்.

அவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டு ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுப்பானாம், பாளம் அவன் காலைப் பார்த்தே வருமாம், நாய்க்குட்டி மாதிரி. சட்டையில் ஒரு வாடை வரும், மூத்திர வாடை போல, மூக்கை உறுத்தும். அமோனியாவா என்று கேட்டேன். ஆமா, அதான் குளுர வைக்குது, லேசா வந்தா ஒண்ணும் செய்யாது என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நான். சட்டைப் பித்தான் எதனால் ஆனது என்றுகூட ஆலைக்காரனைக் கேட்கிற நான். கேட்டிருந்தால் பதினேழாவது வரியைப் பற்றி யோசிக்க வேண்டிவந்திருக்கும். இப்போதும் அதை யோசிக்க வேண்டாம். அறுபதில் ஒன்று. மூன்று இருபது. குரூப்பில் எந்த ஆலை என்று கேட்டு எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். ஆலைக்கே போன் போட்டுக் கேட்டால் என்ன என்று இப்போதுதான் தோன்றுகிறது. முத்து அங்கே இருக்கிறானா என்று மட்டும். இருக்கிறான், பாளம் இழுக்கிறான், கூப்பிடவா மேடம் என்பார்கள். ஆலைகளின் நம்பரெல்லாம் ஃபைலில் முதல் பக்கத்தில் இருக்கும். படிவம் அனுப்புகிறவர்கள் மேலேயே நம்பர் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

பதினேழாம் ஃபைலை எடுத்துவிட்டேன். எவ்வளவு லேசாக இருக்கிறது. பட்டாசு ஃபைலை எடுக்க இரண்டு கை வேண்டும். இதில் அட்டையும் நூலும்தான். உள்ளே மூன்று கடிதம், மூன்றும் நான் எழுதியவை, தங்கள் ஆலையிலிருந்து விபத்துப் படிவம் இதுவரை வரப்பெறவில்லை, உடன் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பதில் இல்லை. நம்பரும் இல்லை. ஐந்து வருஷமாக மூன்று ஆலையிலிருந்தும் ஒரு காகிதம் வரவில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். கம்ப்யூட்டரில் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகிவிடும், ரிப்போர்ட் போகாது. தகவல் வரவில்லை என்று எழுத்தில் அடித்தால் ஏற்றுக்கொள்ளாது, அதற்கு எண்தான் வேண்டும். முதல் வருஷம் சாரிடம் போய்க் கேட்டேன். "சைபர் போட்டு அனுப்பும்மா. ஒண்ணும் வரலைன்னா ஒண்ணும் நடக்கலன்னுதான அர்த்தம்" என்றார். போட்டேன். அடுத்த வருஷம் கேட்காமலே போட்டேன். ஐந்து வருஷத்துச் சைபரும் நான் போட்டவை. இதோ இந்த விரலால். ஆனால் அது சென்னைக்குப் போய், வழவழப்பான தாளில் அச்சாகி, முத்திரையோடு புஸ்தகமாகத் திரும்பி வந்தபோது, யாரோ விவரம் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து எண்ணிச் சொன்னதுபோல இருந்தது. நான் நம்பினேன். நான் சமைத்த குழம்பையே ஓட்டல் குழம்பு என்று நினைத்து ருசித்த கதை. அதைக் காட்டித்தானே அவனை மூங்கிலிலிருந்து இறக்கினேன். கடல் தெரிகிறது எக்கா என்று சொன்னவனை.

முருகா, அவனாக இருக்கக் கூடாது. வேறு யாராவது. இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது, சொல்லிவிட்டேன். வேறு யாராவது இருக்கட்டும். கல்யாணமாகாதவனாக, வயதானவனாக, எப்படியும் சாகப்போகிறவனாக, சீக்காளியாக. அவனுக்கும் ஓர் அக்கா இருந்தால்? இல்லாதவனாக. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்கிறேனே, சந்தையில் கத்தரிக்காய் எடுப்பது மாதிரி. அறுபது வீட்டிலும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதில் யாராவது ஒருத்தி என் தம்பியைக் காட்டி, இவன் இருக்கட்டும், இவனுக்குக் கல்யாணமாகவில்லை என்று சொல்லியிருப்பாள். அடிப்பாவி. மூன்று நாற்பது. ஒருவர் பலி, ஒருவர் பலி என்று அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். இருவர் கவலைக்கிடம் என்றும் இருந்ததே. அதை ஏன் நான் கணக்கில் எடுக்கவில்லை? காயம் தனிப் பத்தி, அதை எண்ணுவது அடுத்த மேஜை, அதனாலா? பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், கவலைக்கிடத்தில் பாதிப்பேர் ஒருவாரத்துக்குள் அந்த மேஜையிலிருந்து இந்த மேஜைக்கு வந்துவிடுவார்கள். அப்போது அறுபதில் மூன்று. இருபதில் ஒன்று. எங்கள் தெருவிலேயே இருபது வீடு இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, முதுகெல்லாம் ஈரம். நம்பர் மறுபடி அடிக்கவில்லை. மூன்று பத்துக்குப் பிறகு அடிக்கவேயில்லை. அடிக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தேன், இப்போது அடிக்கவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. கிரெடிட் கார்டுக்காரி என்றால் விடமாட்டாள், நாலாவது தடவையும் அடிப்பாள். சொல்ல வேண்டிய அவசரம் போய்விட்டவர்கள்தான் அடிக்காமல் இருப்பார்கள். இல்லை, சார்ஜ் தீர்ந்திருக்கும். இல்லை, தப்பான நம்பர் என்று புரிந்திருக்கும். அடி. அடித்துவிடேன். ஒரே ஒரு தடவை அடி, எடுத்துவிடுகிறேன், சத்தியமாக எடுத்துவிடுகிறேன்.

நாலு இருபத்தைந்து. "அனுப்பியாச்சாம்மா?" சார் அங்கிருந்தே கேட்கிறார். "ஒரு வரிதான் சார் பாக்கி." பதினாறு வரி முடித்துவிட்டேன், எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. பட்டாசு இருபத்திரண்டு. கட்டடம் எட்டு. ஜனவரியிலிருந்து ஜூன்வரைக்கும். இன்றைக்கு ஜூலை முப்பத்தொன்று, இன்றைக்கு நடந்தது இந்த ரிப்போர்ட்டில் வராது, அடுத்த அரையாண்டுதான். பதினேழாவது வரியில் சைபர் போட்டேன். அந்த வெள்ளைக் கட்டம் அதை வாங்கிக்கொண்டது, பச்சை விளக்கு எரிந்தது, அனுப்பு என்று கேட்கிறது. ஒரு விரலைத் தட்டினால் முடிந்தது. அந்த விரல் போனைப் போய் எடுத்தது. மூன்று தடவை அடித்த நம்பரை நானே அழைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம், யாரோ ஒரு பொம்பளையின் அழுகை. சின்ன வயசுக் குரல்.

"யாரு, சம்முகவடிவு அக்காவா? நான் மிக்கேலு, அக்கா. முத்து அண்ணன்கூட வேல பாக்கேன்."

"சொல்லு."

"மூணு தடவ போட்டேன்கா. நீங்க எடுக்கல."

"முத்துகிட்ட குடு."

ஸ்ட்ரெச்சர் சத்தம் தூரப் போனது.

"மொத ரெண்டு தடவ அண்ணன்தான் போடச் சொன்னாருக்கா. அவரால பேச முடியல, தொண்டையெல்லாம் வெந்துட்டு. பெட்டியில வைக்காம ஒளிச்சு வச்சிருந்த என் போனப் பாத்து, உங்க நம்பர ஒவ்வொரு விரலாக் காட்டினாரு. எனக்கு மொதல்ல வெளங்கல. நடுவுலயும் கடசியிலயும் கைய மூடிக் காட்டினாரு. வலிக்கின்னு நெனச்சேன். பொறவுதான் புரிஞ்சுது, சைபரக் காட்டுதாருன்னு. எடுத்திருந்தீங்கன்னா நீங்க பேசுனதையாவது கேட்டிருப்பாரு. மூணாவது தடவ நானாத்தான் போட்டேன். அப்பம் நெனவு இல்ல."

"இப்பம்?"

"மூணு இருபத்தஞ்சுக்கு எறந்துட்டாருக்கா. செல்லையா அண்ணாச்சி ஆலையிலயே எறந்துட்டாரு, இவரு இங்க வந்து."

மூன்று இருபத்தைந்துக்கு நான் பதினேழாம் ஃபைலின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் நம்பரில் இரண்டு சைபர். ஐந்தாவது இடத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. வெடித்த விரல்களோடு இரண்டு தடவை கையை மூடியிருக்கிறான். நான் கட் பண்ணினேன். மிக்கேல் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"பங்குனியில நடந்த மாதிரியேதான்க்கா. அதே வால்வு. மாத்துதோம் மாத்துதோம்னாங்க, மாத்தல."

"பங்குனியிலயா?"

"ஆமாக்கா, ரெண்டு பேரு. ஒடிசாப் பையனுவ. பொணத்த அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டாங்க. யாரும் வந்து கேக்கல. முத்து அண்ணனுக்குத் தெரியும். சேந்த மறுநாளே நான் சொன்னேன். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராதல, அது லிஸ்டுல சைபரு போட்டு வச்சிருக்கு, சொன்னா அதுக்கு ஒறக்கம் போயிரும்னு சிரிப்பாரு."

தெரியும். தெரிந்துதான் தினமும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான், என்ன குழம்பு என்று கேட்டான், என் தூக்கத்துக்குக் காவல் இருந்தான். பங்குனி என்றால் மார்ச் அல்லது ஏப்ரல். இந்த அரையாண்டு. இந்தக் கட்டம். திரையில் என் சைபர் இன்னும் போகாமல் நிற்கிறது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நான் ஓட வேண்டும், என் கால் ஏன் நகரவில்லை, நான் ஏன் பென்சிலை எடுக்கிறேன்.

"அந்த ரெண்டு பேரோட பேரு என்ன?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுக்கா. எல்லாரையும் பாபு பாபுன்னுதான் கூப்பிடுவோம். நீங்க வாரீங்களாக்கா? இங்க யாராவது கையெழுத்துப் போடணுமாம்."

வருகிறேன் என்றேன். சொன்னேனா என்று தெரியவில்லை. பதினேழாவது வரியில் சைபரை அழித்தேன். கட்டம் சிவப்பானது. ஒரே ஆதாரம்தான், பேர்கூட இல்லை, படிவம் இல்லை, போலீஸ் இல்லை, ஒரு பையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டே சொன்னது. 2 என்று அடித்தேன். அனுப்பு என்பதைத் தட்டினேன். சக்கரம் சுற்றியது, போய்விட்டது.

"ஐஸ் ஆலை வரியில சைபர் போட்டு அனுப்பிட்டியாம்மா?" சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருகிறார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன்.

"என்னம்மா ரெண்டு?" என்றார். நான் கையை இறக்கவில்லை.